பிசகாமல் பாடினாலும் இறங்கும் சுருதி

லண்டனிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பகுதி தேவாலயத்தில் உணவு வங்கிக்கு நிதி திரட்ட உள்ளூர் கொயர் ஒன்று கச்சேரி நடத்தியது. எல்லாம் 16ஆம் நூற்றாண்டுப் பாட்டுகள், வாத்தியமே கிடையாது. நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் குழுவை நடத்தியவர் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். தொடங்கிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட அரை ஸ்வரம் இறங்கியிருந்ததாம். காதுக்கு எதுவும் பிசகியதாகத் தெரியவில்லை. எப்படி?"

நல்ல கேள்வி. பாடியவர்கள் கத்துக்குட்டிகள் என்று சொல்லி முடித்துவிடலாம், ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் ஒரு ஸ்வரம்கூடப் பிசகாமல் பாடினாலும் சில பாட்டுகளில் சுருதி இறங்கியே தீரும். கணக்கு அப்படி.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குழுக்கள் மறுமலர்ச்சிக் கால இசையை விரும்புவதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. பாலஸ்திரீனா, தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட் போன்ற அக்கால இசையமைப்பாளர்கள் எல்லாரும் காலமாகி 400 ஆண்டு ஆகிறது. உரிமைத்தொகை கேட்க யாருமில்லை. 1998இல் தொடங்கிய கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற இணையத் தொகுப்பில் இசைப்பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. இருபது முப்பது பேரும் ஒரு கல் கட்டடமும் இருந்தால் போதும். டிக்கெட் போடாமல் கடைசியில் வாசலில் உண்டியல் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வரி கட்டுபவர் நன்கொடையாகக் கொடுத்துப் படிவம் நிரப்பினால், 'கிஃப்ட் எய்ட்' திட்டத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். டிக்கெட் காசுக்கு அது கிடையாது.

செலவு மிச்சம்தான். ஆனால் வாத்தியம் இல்லையென்றால் சுருதியைப் பிடித்து வைக்கவும் ஆளில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளிக்கூட இயற்பியலில் விம்மல்கள் படித்திருப்போம். அதிர்வெண் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால், அந்த வித்தியாசம் எத்தனை ஹெர்ட்ஸோ, நொடிக்கு அத்தனை முறை சத்தம் ஏறி இறங்கும். ஒருவர் 220 ஹெர்ட்ஸில் பாடுகிறார். குரலில் அந்த அதிர்வெண்ணின் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும்; ஐந்தாவது மடங்கு 1100. இன்னொருவர் அதற்கு மேல் அந்தர காந்தார தூரத்தில் (ச-விலிருந்து பெரிய க வரை) 275இல் பாடுகிறார்; அதன் நான்காவது மடங்கும் 1100. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்திவிடுகின்றன, விம்மல் இல்லை. பியானோவில் அதே காந்தாரம் 277.2 ஹெர்ட்ஸில் இருக்கும். நான்கு மடங்கு 1108.7. 1100க்கும் அதற்கும் இடையே நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது விம்மல். பியானோ ஒலி அடித்தவுடன் தேய்ந்துவிடுவதால் காது பொறுத்துக்கொள்கிறது. நீட்டிப் பிடிக்கும் குரலில் அந்தக் கரகரப்பு நன்றாகவே தெரியும்.

ஒபரா பாடகரின் குரல் நொடிக்கு ஐந்திலிருந்து ஏழு முறை ஆடும். அந்த ஆட்டத்தில் விம்மல் ஒளிந்துகொள்கிறது. மறுமலர்ச்சிப் பாட்டை இன்றைய குழுக்கள் பெரும்பாலும் குரலை ஆட்டாமல் கம்பிபோல நிறுத்திப் பாடுகின்றன. அப்போது விம்மல் இருந்தால் பாடுபவருக்கே உடனே உறைக்கும். யாரும் சொல்லாமலே குரலை நகர்த்தி காந்தாரத்துக்கு 5:4, பஞ்சமத்துக்கு 3:2 என்ற சுத்தமான விகிதத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அந்த நொடி கூட்டு ஸ்வரம் சட்டென்று தெளிந்து, கட்டடமே பாடுவதுபோல இருக்கும். இதைக் கேட்கத்தான் ஜனங்கள் குளிரில் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வினையும் இந்தத் தெளிவில்தான் இருக்கிறது. ஒரு சின்னச் சுற்றை எடுத்துக்கொள்வோம். அடிக்குரல் ச, கீழ் த, ரி, கீழ் ப, மறுபடி ச என்று நகர்கிறது. ஒவ்வொன்றின் மேலும் மற்றக் குரல்கள் கூட்டாக அடுக்குகின்றன: ச-க-ப, த-ச-க, ரி-ம-த, ப-நி-ரி, திரும்ப ச-க-ப. அடுத்தடுத்த இரண்டு கூட்டிலும் பொதுவாக ஒரு ஸ்வரமாவது இருப்பதைக் கவனியுங்கள். அதைப் பிடித்திருப்பவர் அசைய மாட்டார்; மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள். யாருக்கும் சந்தேகம் வராத முறை.

இப்போது எண்களைப் போடுவோம். ச 264 ஹெர்ட்ஸ். அதிலிருந்து கீழ் த-வுக்கு விகிதம் 5/6, ஆக 220. அங்கிருந்து ரி-க்கு 4/3, ஆக 293.33. கீழ் ப-வுக்கு 2/3, ஆக 195.56. மறுபடி ச-வுக்கு 4/3 போட்டால் 260.74. 264 எங்கே போயிற்று? நான்கு அடியும் சுத்தம், நான்கு கூட்டிலும் ஒரு விம்மல் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடு மூன்று ஹெர்ட்ஸ் கீழே இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் சரியாக 80/81. ஒரு ஸ்தாயியை (ச முதல் மேல் ச வரை) 1200 சென்டாகவும் அரை ஸ்வரத்தை 100 சென்டாகவும் பிரித்தால், இது 21.5 சென்ட். ஐந்து முறை இதே சுற்றைப் பாடினால் ச 248.1 ஹெர்ட்ஸில் நிற்கும். 264க்கு அரை ஸ்வரம் கீழே 249.2. வாசகர் கேட்ட அரை ஸ்வரம் இதோ கிடைத்துவிட்டது, ஒருவர்கூடத் தப்பாகப் பாடாமல்.

குற்றவாளியைத் தேடினால் ரி-யிடம் போய் நிற்போம். த-வோடு சுத்தமாகச் சேர வேண்டுமென்றால் ரி 10/9இல் இருக்க வேண்டும். ப-வோடு சேர வேண்டுமென்றால் 9/8. இரண்டுக்கும் நடுவே 81/80. அடுத்தடுத்து வரும் இரண்டு கூட்டிலும் ஒரே ரி-யைப் பிடித்தபடி நிற்கும் பாடகர், தான் அசையாமல் மற்ற எல்லாரையும் கீழே இழுத்துவிடுகிறார். தச்சர் ஒருவர் டேப்பை வைக்காமல், அறுத்த ரீப்பரையே அடுத்த ரீப்பருக்கு அளவாக வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகுமோ, அதுதான்.

நம் ஊர் சங்கீதத்தில் இந்த 81/80க்குப் பிரமாண சுருதி என்று பெயர். அது இங்கே யாரையும் தொந்தரவு செய்வதில்லை; தம்பூரா விடாமல் ச-வைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு ஸ்வரமும் முந்தைய ஸ்வரத்தை நம்பாமல் நேராக அதனோடு பேசுகிறது. ரி எங்கே நின்றாலும் ச நகராது. பல குரல் அடுக்கும் இசைக்கு அந்த வசதி இல்லை.

இதை முதலில் தெளிவாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் வெனிஸில் பிறந்த ஜியோவன்னி பட்டிஸ்டா பெனடெட்டி. 1563 வாக்கில் இசையமைப்பாளர் சிப்ரியானோ தே ரோரேக்கு எழுதிய கடிதங்களில், ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்பப் பாடினால் ஒவ்வொரு முறையும் சுருதி இந்த அளவு நகரும் என்று எழுதினார். கடிதங்கள் 1585இல் அச்சேறின. ஒரே பொருளாலான பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒரே வேகத்தில் விழும் என்று கலிலியோவுக்கு முன்பே வாதிட்டவரும் இவர்தான். கலிலியோவின் தகப்பனார் வின்சென்சோ இசைக் கோட்பாட்டாளர். நரம்பின் இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள உறவை எடை கட்டிச் சோதித்தவர். நவீன இயற்பியலின் தொட்டிலில் சுருதிச் சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாதது வருத்தம்தான்.

குழாய் ஆர்கன்காரர்களுக்கு நகர வழியில்லை, அதனால் வேறு தந்திரம் செய்தார்கள். ச-ப-ரி-த-க என்று நான்கு பஞ்சமம் ஏறினால் வரும் காந்தாரம், சுத்தக் காந்தாரத்தைவிட அதே 21.5 சென்ட் அதிகம். ஆளுக்கு 5.4 சென்ட் வீதம் ஒவ்வொரு பஞ்சமத்தையும் குறைத்துவிட்டால் காந்தாரம் சுத்தமாகிவிடும். 1523இல் இத்தாலிய இசைக் கோட்பாட்டாளர் பியத்ரோ ஆரோன் விவரித்த முறை இது. காந்தாரத்தைக் காப்பாற்றப் பஞ்சமத்தைக் கொஞ்சம் கெடுப்பது.

நிஜ மனிதர்கள் பெனடெட்டி சொன்னபடி நடக்கிறார்களா? இதை அளப்பது லேசு இல்லை. நான்கு பேர் சேர்ந்து பாடும்போது மைக் வைத்தால் எல்லார் குரலும் எல்லா மைக்கிலும் விழும். யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோவர்ட் வேறு வழி பிடித்தார். ஒவ்வொருவர் தொண்டையிலும் குரல்வளையின் இரு பக்கமும் காசு அளவில் ஒரு மின்முனை. மெல்லிய மின்னோட்டம் குறுக்கே போகும். குரல் நாண்கள் மூடும்போது மின்னோட்டம் எளிதாகக் கடக்கும், திறக்கும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் அந்த ஒருவரின் அதிர்வெண் மட்டும் கிடைக்கும்; பக்கத்தில் யார் என்ன பாடினாலும் கவலையில்லை. ஆதார ச மாறி மாறிப் போய்த் திரும்பும் பயிற்சிப் பாட்டுகளை அவரே எழுதி நால்வரைப் பாட வைத்தார். 2007இல் வெளியான முடிவு: அவர்கள் சுத்த விகிதங்களை நோக்கியே சாய்ந்தார்கள், சுருதியும் அதனால் நகர்ந்தது.

ஆளுக்கு இரண்டு மின்முனை, அமைதியான ஓர் அறை, நான்கு பாடகர்கள். செலவு பெரிதில்லை. நம் ஊரில் 22 சுருதி பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறோம், பழைய நூலை மேற்கோள் காட்டுகிறோம். அளந்து பார்க்கக் காசு ஒதுக்குவது அபூர்வம். கர்நாடக இசையைக் கணினியால் ஆராய்ந்த காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐஐடியும் பங்கெடுத்தது. ஆனால் அதை நடத்தியது பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம், பணம் கொடுத்தது ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகம். தம்பூரா நம்முடையது, நிதி அவர்களுடையது.

அதற்காக எல்லா இறக்கத்தையும் பெனடெட்டி கணக்கில் எழுதிவிட முடியாது. வாக்கியத்தின் கடைசியில் மூச்சுக் குறைந்தால் குரல் நாணுக்குக் கீழே காற்றழுத்தம் தாழும், சுருதியும் தாழும். ஒரே ஸ்வரத்தை ஏழெட்டு முறை திரும்பச் சொல்லும் இடத்தில் கவனம் தளரும். இறங்கும்போது அடியைப் பெரிதாகவும் ஏறும்போது சின்னதாகவும் வைப்பது பயிற்சி குறைந்தவர்களின் வழக்கம். பிரித்தறிய எளிய வழி உண்டு. கூட்டு ஸ்வரங்கள் தெளிவாக இருந்தும் மொத்தமும் இறங்கியிருந்தால் அது 81/80இன் வேலை. கூட்டும் கலங்கி, சுருதியும் இறங்கியிருந்தால் மூச்சையும் காதையும் கவனிக்க வேண்டும்.

வானிலை மேல் பழி போடுவதும் உண்டு. ஆர்கன் குழாய்க்கு அது உண்மை: காற்றில் ஒலியின் வேகம் மாறுவதால் ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட் மாறும், பத்து டிகிரி குளிர்ந்தால் 30 சென்ட். மனிதத் தொண்டைக்குப் பொருந்தாது. சுருதியைத் தீர்மானிப்பது குரல் நாணின் நிறையும் இழுவிசையும். உள்ளே இருக்கும் காற்றும் உடம்புச் சூட்டில்தான் இருக்கிறது. தேன், மிளகு, புருவத்தை உயர்த்திப் பாடுவது எல்லாம் மனதுக்குத் தைரியம் தரலாம். த-வுக்கும் ப-வுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரி-யை அவை நகர்த்தாது.

கட்டடம் மட்டும் நிஜமாகவே விளையாடும். எதிர்முழக்க நேரம் என்பது ஒலி 60 டெசிபல் தேய எடுக்கும் நேரம். கட்டடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 4000 கன மீட்டர் கல் தேவாலயத்தில் 160 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு என்றால் 4 வினாடி. மாலையில் கம்பளிக் கோட்டோடு 200 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு அரைக்குச் சற்றுக் குறைவாக, 90 சதுர மீட்டர் கூடும். நேரம் 2.6 வினாடியாக விழும். மதியம் காலியான கட்டடத்தில் ஒத்திகை பார்த்தபோது முந்தைய கூட்டின் முழக்கம் காற்றில் நின்று சுருதிக்குக் கைகொடுத்தது. இரவில் அது மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. தன் குரல் மட்டும் தனியாகக் கேட்கத் தொடங்கியதும் பாடுபவர்கள் பயந்து குரலை அழுத்துகிறார்கள். நெருக்கியடித்து நிற்காமல் இரண்டடி தள்ளி நின்றால் தன் குரலும் பக்கத்துக் குரலும் சரியான அளவில் கேட்கும். வேகத்தையும் கொஞ்சம் கூட்டலாம்.

இறக்கத்துக்கு வைத்தியம் பாட்டிலேயே இருக்கிறது. பென்சிலை எடுத்து, அசையாமல் நிற்கும் ரி-க்கு நேராக மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட வேண்டும். கூட்டு மாறும் அந்த நொடியில் அந்த ஒருவர் 20 சென்ட் ஏற்றினால் மொத்தக் குழுவும் தப்பித்தது. கேட்பதற்கு லேசு. ஆனால் சுத்தமாகச் சேர்ந்திருக்கும் ஸ்வரத்தை வேண்டுமென்றே நகர்த்துவது பாடகரின் காது சொல்லும் எல்லாவற்றுக்கும் எதிரானது. பத்து முறையாவது தனியாகப் பாடிப் பழக வேண்டும். கைபேசித் தம்பூரா செயலியில் ச-வை ஒலிக்கவிட்டுப் பாடிப் பார்த்தால் எந்த இடத்தில் இழுக்கிறது என்று ஒரே தடவையில் பிடித்துவிடலாம். ஒத்திகையில் கூட்டு அடுக்கும்போது அடிக்குரல், அதன் மேல் ஸ்தாயி, பஞ்சமம் என்று நிறுத்திவிட்டு, காந்தாரத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும். காந்தாரத்தை முதலில் வைத்தால் அதைப் பாடுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே மற்றவர்கள் வந்து சேருவார்கள்.

அம்புக்குறிக்கும் மசியாத பாட்டு என்றால் அரை ஸ்வரம் மேலே தொடங்கிவிடுவதே நல்லது. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய 440 ஹெர்ட்ஸ் போன்ற பொது அளவு கிடையாது, ஊருக்கு ஊர் சுருதி வேறு. யாரும் குறை சொல்ல முடியாது. நிகழ்ச்சி நிரலில் அந்தப் பாட்டை இடைவேளைக்கு முன்னால் வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம். இறங்கிய சுருதி காதில் இருக்கும்போதே அடுத்த பாட்டுக்குப் புதுச் சுருதி கொடுத்தால் முதல் இரண்டு வரி தடுமாறும்.