கால்குலேட்டருக்கு உங்கள் பேட்டரியைத் தெரியாது

லித்தியம் பேட்டரிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் தொழில். வேப் என்னும் மின் சிகரெட் பிடிப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது. அப்புறம் ஏன் பேட்டரி இப்படிச் சூடாகுது?" அவர்கள் போட்ட கணக்கில் அநேகமாகப் பிழை இருப்பதில்லை. கணக்குக்குள் கொடுத்த எண்தான் தவறு.

பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் போகும் என்று கணக்கிடும் இந்தக் கால்குலேட்டர்களுக்கு அடிப்படை ஓம் விதி. வோல்ட்டை மின்தடையால் வகுத்தால் ஆம்பியர். அதை மறுபடி வோல்ட்டால் பெருக்கினால் வாட். மெக்கானிக்கல் மாட் எனப்படும் வேப் கருவியில் சர்க்யூட் எதுவும் கிடையாது. பேட்டரிக்கும் காயிலுக்கும் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) நடுவே இருப்பது ஒரு சுவிட்ச் மட்டும். 0.2 ஓம் காயில் போட்டவர், 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரியின் வழக்கமான அளவு என்று 3.7 வோல்ட்டைக் கொடுக்கிறார். விடை 18.5 ஆம்பியர். கையில் இருப்பது 20 ஆம்பியர் வரை தாங்கும் என்று போட்ட பேட்டரி, ஆகவே நிம்மதி.

ஆனால் 3.7 என்பது சராசரி. முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும். அதை வைத்துப் போட்டால் 21 ஆம்பியர், 88 வாட். ஓம் மீட்டர் 0.02 அளவு கூட்டிக் காட்டியிருந்தால் உண்மையான மின்தடை 0.18, மின்னோட்டம் 23 ஆம்பியரைத் தாண்டிவிடும். மின்தடை குறையக் குறைய மீட்டரின் சின்னப் பிழையும் பெரிய வித்தியாசம் ஆகிவிடும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த கருவி என்றால் 8.4 வோல்ட். அதே காயிலில் 42 ஆம்பியர். இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

வாட் அளவைத் திரையில் தேர்ந்தெடுக்கும் கருவிகளில் கணக்கே வேறு. பலர் இங்கேயும் வோல்ட்டை ஓமால் வகுக்கிறார்கள். பேட்டரியைப் பொறுத்தவரை அந்த விடைக்குப் பொருளே இல்லை. காயிலுக்கு வேண்டிய மின்னழுத்தத்தை உள்ளிருக்கும் சிப்பே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. பேட்டரியிடம் அது கேட்பது வாட். ஒரே பேட்டரியில் 60 வாட் வைத்திருக்கிறீர்கள், சிப்பின் திறன் 90 சதவீதம் என்று கொள்ளுங்கள். 4.2 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டுக்கு வந்ததும் கிட்டத்தட்ட 21 ஆம்பியர். மெக்கானிக்கல் கருவிக்கு முழு சார்ஜில் ஆபத்து அதிகம் என்றால், இதற்கு சார்ஜ் தீரும் நேரத்தில்தான் பாரம் அதிகம். வாட்டைச் சிப்பின் திறனாலும் (90 சதவீதம் என்றால் 0.9), கருவி எந்த வோல்ட்டில் நின்றுபோகுமோ அந்த வோல்ட்டாலும் வகுத்துப் பாருங்கள்.

இனி அந்த "20 ஆம்பியர்" விஷயத்துக்கு வருவோம். பேட்டரியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையில் அச்சிட்டதை அப்படியே நம்பாதீர்கள். வேறு ஆலையில் செய்த செல்லை, அதாவது பேட்டரியை, வாங்கி, தங்கள் உறையைச் சுற்றி, 35, 40 என்று போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் அளவும் தொடர்ந்து தாங்கும் அளவும் ஒன்றல்ல. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. செல்லைத் தயாரித்த நிறுவனத்தின் தரவுத்தாளில் அது இருக்கும். நான் சொல்லும் வரம்பு, அந்த எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள் என்பதுதான். செல் பழசாகும்போது உள் மின்தடை ஏறும், அதே மின்னோட்டத்துக்குக் கூடுதலாகச் சூடாகும். இந்த வயதை எந்தக் கால்குலேட்டரிலும் தட்ட முடியாது.

வேப் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. நிகோட்டின் பிடித்தால் எளிதில் விடாது, விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள். ஆனாலும் பிடிப்பவர் முகத்தருகே வைத்திருப்பது ஒரு லித்தியம் செல் என்பதை மறக்க முடியவில்லை. 2018இல் ஃபுளோரிடாவிலும் 2019இல் டெக்சஸிலும் இந்தக் கருவி வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன.

கணக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் உறையை ஒருமுறை பாருங்கள். செல்லின் மேல் முனை பாசிட்டிவ், மற்ற உடல் முழுவதும், மேல் விளிம்பு உட்பட, நெகட்டிவ். இரண்டையும் பிரிப்பது அந்த மெல்லிய பிளாஸ்டிக்கும் மேலே உள்ள சிறு வளையமும்தான். மேல் விளிம்பில் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் புது உறை போடும்வரை அந்த செல்லைக் கருவியில் போடாதீர்கள். உதிரி செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப்பையில் போடாமல், பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.