பிறவகைக் காப்பு: சொல் விளக்கம்

“போன வருசந்தான் பன்னிக்காய்ச்சல் வந்துட்டுப் போச்சே, இனி வராதுல்லா?” ஐப்பசி மழை தொடங்கினால் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் மருத்துவரிடம் கேட்கிற கேள்வி இது. வரலாம் என்பதுதான் விடை. முன்பு எச்1என்1 என்ற பன்றிக்காய்ச்சல் வைரஸ் கண்ட உடம்பில் இப்போது இன்ஃப்ளூயன்சாவின் இன்னொரு துணைவகையான எச்3என்2 தொற்றலாம். ஆனால் முதல் தடவை படுத்திய அளவுக்குப் படுத்தாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைத்தான் ஆங்கிலத்தில் ‘ஹெட்டிரோசப்டைப்பிக் இம்யூனிட்டி’ என்கிறார்கள்.

இதைச் சிலர் ‘குறுக்குப் பாதுகாப்பு’ என்று பெயர்க்கிறார்கள். ‘கிராஸ் புரொடெக்ஷன்’ என்ற இன்னொரு ஆங்கிலப் பெயரின் ‘கிராஸ்’ என்பதை அப்படியே தூக்கி வைத்ததால் வந்த வினை. நெல்லைச் சீமையில் குறுக்கு என்றால் இடுப்பு. ‘குறுக்கு வலிக்கு’ என்றுதான் நாள்தோறும் காதில் விழுகிறது. பிற ஊர்களிலும் குறுக்குவழி, குறுக்குப்புத்தி என்று அந்தச் சொல் நல்ல இடத்தில் நிற்பதில்லை. ஒன்றுக்காக உண்டான காவல் இன்னொன்றுக்கும் உதவுவது என்ற கருத்து அதில் வரவே இல்லை.

மூலச்சொல்லைப் பிரித்தால் வழி தெரியும். ‘ஹெட்டிரோஸ்’ கிரேக்கத்தில் ‘மற்றது, பிறிது’. ‘சப்’ லத்தீனில் ‘கீழ்’. ‘டைப்போஸ்’ கிரேக்கத்தில் அடித்துப் பதித்த அச்சு. அதிலிருந்து ‘வகை’ என்ற பொருள் பிறந்தது. ஆக, ‘பிற துணைவகை’. ‘இம்யூனிட்டி’யின் வேர்தான் நமக்கு மிக நெருக்கமானது. லத்தீன் ‘இம்யூனிஸ்’ என்றால் ஊருக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபட்டவன். பொருநைக்கரைக் கோயில் கல்வெட்டுகளில் தேவதான நிலங்களோடு சேர்ந்து வரும் ‘இறையிலி’ என்ற சொல்லுக்கும் இதே பொருள்தான்: இறை, அதாவது வரி, இல்லாதது. நோய் கேட்கும் வரியைக் கட்டாமல் தப்பிய உடம்பு என்பதாக அந்த லத்தீன் சொல் மருத்துவத்துக்குள் நுழைந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘நிர்ப்பீடனம்’ வடமொழி வழியாக ‘பீடிப்பு இல்லாமை’ என்கிறது. ‘இன்ஃப்ளூயன்சா’ இத்தாலியச் சொல். விண்மீன்களின் தாக்கத்தால் கொள்ளைநோய் வருகிறது என்று நம்பிய காலத்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இம்யூனிட்டிக்கு ‘நோய்த்தடைக்காப்பு’ என்று எழுதுகின்றன. நல்ல சொல். அதற்குள் தடை, காப்பு என்று இரண்டு வேலைகள் இருப்பதைக் கவனியுங்கள். இன்ஃப்ளூயன்சாவில் இந்த இரண்டையும் இரு வேறு கூட்டத்தார் செய்கிறார்கள்.

தடை, ‘ஆன்டிபாடி’ எனப்படும் எதிர்ப்பொருளின் வேலை. வைரஸின் மேல்தோலில் எச் என்ற ஹீமக்ளூட்டினின், என் என்ற நியூராமினிடேஸ் என்று இரண்டு புரதங்கள் முள் முள்ளாக நிற்கும். எச்1என்1, எச்3என்2 என்ற பெயர்கள் அந்த முள்களின் எண்களே. எதிர்ப்பொருள் பெரும்பாலும் எச் முள்ளின் தலையைப் பிடித்து, வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கிறது. அந்தத் தலைதான் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக மாறுகிறது. 1957இல் எச்2என்2, 1968இல் எச்3என்2 என்று சில வேளை முள்ளே வேறாகிவிடும். அப்போது பழைய எதிர்ப்பொருளுக்குப் பிடி கிடைக்காது.

காப்பு, வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லின் வேலை. டி என்பது தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து. அந்தச் செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. டி செல் வைரஸை நேராகப் பார்ப்பதில்லை. வைரஸ் நுழைந்துவிட்ட செல், தனக்குள் உருவாகும் வைரஸ் புரதங்களை நறுக்கி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எச்எல்ஏ என்ற ஏந்தலில் வைத்து வெளியே காட்டுகிறது. கொல்லி டி செல் அதைக் கண்டுகொண்டால் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி, அந்தச் செல்லையே முடித்துவிடும். உள்ளே இருக்கும் வைரஸ் பெருக இடமில்லாமல் போகிறது. டி செல்லின் கண்ணுக்கு இந்த ஏந்தல் இன்றியமையாதது என்று கண்டறிந்ததற்குத்தான் டோஹெர்ட்டிக்கும் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி ஏந்திக் காட்டும் துண்டுகளில் பல வைரஸின் உள்பாகத்திலிருந்து வருபவை: என்பி என்ற உட்கருப் புரதம், எம்1 என்ற அணிப்புரதம், பிபி1 என்ற நகலெடுக்கும் புரதம். வெளிமுள் எப்படி மாறினாலும் இவை ஏ வகை வைரஸ்களில் பெரிதும் மாறுவதில்லை. என்பியும் எம்1உம் துணைவகைகளுக்கிடையே 90 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கின்றன. எம்1இன் 58 முதல் 66 வரையுள்ள ஒன்பது அமினோ அமிலத் துண்டு இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. எச்எல்ஏ-ஏ2 என்ற ஏந்தல் வகை உள்ளவர்களில் பலருடைய டி செல்கள் அதை அடையாளம் வைத்திருக்கின்றன. அந்தத் துண்டைச் சுமந்து வருவது எச்1 ஆனாலும் எச்3 ஆனாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

சான்றுகள் பழையவை. 1965இல் ஷுல்மனும் கில்போர்னும், ஒரு துணைவகை தொற்றித் தேறிய எலிகள் இன்னொரு துணைவகையை ஓரளவு தாங்கின என்று காட்டினார்கள். 1983இல் மெக்மைக்கேல் குழுவினர் தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். கொல்லி டி செல் வலுவாக இருந்தவர்கள், எதிர்ப்பொருள் இல்லாதபோதும், குறைவாகவே வைரஸை வெளியேற்றினர். 2009 பெருந்தொற்றின்போது லண்டனில் 342 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். புதிய வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லாமல் தொற்றுக்கு ஆளானவர்களில், மாறாத துண்டுகளை அறியும் டி செல்கள் முன்பே மிகுந்திருந்தவர்களுக்கு நோய்க்குறிகள் குறைவாக இருந்தன. அவர்களுக்கும் தொற்று வந்தது, கடுமைதான் குறைந்தது. அதனால் இங்கே ‘தடுப்பு’, ‘தடை’ என்ற சொற்களை விட்டுவிட்டு ‘காப்பு’ என்பதை மட்டும் எடுக்க வேண்டும்.

‘காப்பு’க்கு நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. கோயில் கொடைக்குக் கையில் கட்டுவது காப்பு. கட்டியவர் வெயிலிலும் நடப்பார், தீயிலும் இறங்குவார். எதுவும் எதிரே வராது என்பதல்ல, வந்தாலும் பெரிதாகத் தீண்டாது என்பதே அதன் பின்னுள்ள நம்பிக்கை. ஆகவே ‘பிறவகைக் காப்பு’. ஒரே துணைவகைக்குள் முள் சற்று மாறிய வைரஸிடமிருந்து காப்பதற்கு ‘ஒருவகைக் காப்பு’. எச் முள்ளின் தண்டுப்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களும் பிறவகைக் காப்பில் பங்கு கொள்வதால், டி செல்லை மட்டும் குறிக்கும் இடத்தில் ‘டி செல் வழிப் பிறவகைக் காப்பு’ என்று முழுதாக எழுதுவதே சரி.

ஒரு துணைவகைக்கு உள்ளே வரும் ‘ஸ்ட்ரெயின்’ என்பதற்கு ‘ரகம்’ போதும். அம்பை 16 என்று நெல்லுக்குச் சொல்கிறோமே, அதே முறை. ரகத்தின் பெயரை ஏ/ஹாங்காங்/1/68 (எச்3என்2) என்று எழுதுவார்கள்: வகை, கண்ட இடம், மாதிரி எண், ஆண்டு, துணைவகை.

இந்தக் காப்பு தவறும் இடங்கள் உண்டு. நினைவு டி செல்கள் நிணநீர் முடிச்சிலிருந்து பெருகி நுரையீரலுக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும்; வைரஸோ ஒரு செல்லுக்குள் நுழைந்த சில மணி நேரத்தில் பெருகிவிடும். நுரையீரலிலேயே தங்கிவிட்ட டி செல்கள் உடனே வேலை செய்யும், ஆனால் எலிகளில் அவை சில மாதங்களில் குறைந்துபோவதைக் கண்டிருக்கிறார்கள். எச்எல்ஏ ஆளுக்கு ஆள் வேறு, எனவே ஒருவருக்குத் தெரியும் துண்டு அடுத்தவருக்குத் தெரியாது. உள்புரதமும் அடியோடு அசையாததல்ல: எச்3என்2 வைரஸ்களில் என்பியின் 384ஆம் இடத்தில் இருந்த ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறியதும், எச்எல்ஏ-பி27 உள்ளவர்களின் டி செல்களுக்கு அந்தத் துண்டு மறைந்துபோயிற்று.

கையில் போடும் 0.5 மில்லி செயலிழந்த தடுப்பூசி முக்கியமாக எச் முள்ளுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கொல்லி டி செல்களை அவ்வளவாக எழுப்புவதில்லை. உயிருள்ள, வலுவிழந்த வைரஸை மூக்கில் விடும் மருந்து செல்லுக்குள் நுழைவதால் டி செல்களையும் தூண்டக்கூடியது. எச் முள்ளின் தலை மாறிக்கொண்டே இருப்பதால்தான் ஊசியின் ரகங்களை ஆண்டுதோறும் பார்த்து மாற்றவேண்டியிருக்கிறது. அதற்காக ஊசி வேண்டாம் என்று யாரும் எண்ணக்கூடாது. ஆச்சி தாத்தாக்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் தடைதான் முதலில் வேண்டும், காப்பு அதற்குப் பின்னால். ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். மழை தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்கவேண்டும், உறைந்துபோனால் பயன்படுத்தக்கூடாது. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் ஆண்டு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை.

எழுதும்போது: ‘சென்ற ஆண்டு எச்1என்1 கண்டதால் இவருக்கு எச்3என்2க்கு எதிராகப் பிறவகைக் காப்பு இருக்கலாம்’ என்பது சரி. ‘பிறவகைக் காப்பு இருப்பதால் தொற்றாது’ என்பது பிழை. சாதாரணத் தடுமன் பிடித்துத் தேறியவருக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. தடுமனை உண்டாக்குபவை பெரும்பாலும் வேறு வைரஸ்கள். அவற்றில் இந்த எம்1உம் என்பியும் இல்லை.