பேரிங்கை மாற்றும் முன் ரோட்டாரைச் சுழற்றிப் பாருங்கள்

மாம்பழக்கூழ் சீசன் நெருங்கும்போது ரோட்டார்களின், அதாவது சுழலும் பாகங்களின், எடைப் பிசகைச் சரிசெய்யும் எங்கள் ஓசூர் பேலன்சிங் ஷாப்பில் கால் வைக்க இடமிருக்காது. காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, காரிமங்கலம் பக்கத்திலிருந்து கூழ் ஆலை பாய்லர்களின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன்கள் டெம்போவில் வந்து இறங்கும். கூட வரும் ஃபிட்டரிடம் என்ன கோளாறு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்: "பேரிங் நிக்க மாட்டேங்குதுங்க. பிராண்டு மாத்தியாச்சு, கிரீஸும் மாத்தியாச்சு."

பேரிங் என்ன செய்யும், பாவம்! 1440 ஆர்.பி.எம்.மில் ஓடும் ஃபேனில், மையத்திலிருந்து 400 மி.மீ. தள்ளி, ஒரு பக்கமாக 50 கிராம் சாம்பல் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். அது ஷாஃப்ட்டை வெளியே இழுக்கும் விசை சுமார் 455 நியூட்டன், அதாவது 46 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 24 முறை சுற்றிச் சுற்றி வருகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். விலை கூடின பேரிங் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

பல ஆலைகளில் ரோட்டாரை இரண்டு கத்திமுனைத் தண்டவாளத்தில் வைத்து, கனமான பக்கம் கீழே வருகிறதா என்று பார்த்து, எதிர்ப்பக்கம் வெல்டு வைத்துவிடுகிறார்கள். ஒல்லியான புல்லிக்கோ கிரைண்டிங் வீலுக்கோ அது போதும். அகலமான ரோட்டாருக்குப் போதாது. இடது முனையில் மேலே 20 கிராம், வலது முனையில் கீழே அதே ஆரத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், கத்திமுனையில் அது எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கும். ஓடவிட்டால் இரண்டு பேரிங்கும் எதிரெதிர்த் திசையில் உதறும். நிற்கும்போது ஒளிந்திருக்கும் இந்தக் கோளாறைச் சுழற்றித்தான் பிடிக்க முடியும்.

பேலன்சிங் மெஷின் செய்வது அதைத்தான். இரண்டு பெடஸ்டல்களின் (தாங்கு கால்கள்) ரோலர்மேல் ரோட்டார் உட்காரும். பெல்ட் அதைச் சுழற்றும். ஒவ்வொரு பெடஸ்டலிலும் ஒரு சென்சார். ரோட்டாரில் ஒட்டிய பளபளக்கும் டேப்பை ஒரு போட்டோ சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். உதறல் எவ்வளவு என்பதைப் பெடஸ்டல் சென்சார்களும், எந்தக் கோணத்தில் என்பதை அந்த டேப்பும் சொல்லும். சாஃப்ட் பேரிங் மெஷினில் பெடஸ்டல் லேசாக ஆடும்; அந்த ஆட்டத்தை அளக்கிறோம். ஒவ்வொரு வகை ரோட்டாருக்கும் தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சுழற்றி அளவை ஒப்பிட வேண்டியிருக்கும். ஹார்டு பேரிங் மெஷினில் பெடஸ்டல் விறைப்பானது. அளப்பது நேரடி விசையை. ரோட்டாரின் நீளம், ஆரம், எடை வைக்கப்போகும் தளங்களின் (ரோட்டாரின் இரு முனைப் பக்கங்கள்) தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். எந்தத் தளத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் என்று திரையில் வந்துவிடும். ஜாப் ஒர்க் கடைக்கு இதுவே தோது.

"1440ல ஓடுறதை நீங்க 400ல சுத்தினா சரியா வருமாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். ஓட்டத்தில் வளையாத விறைப்பான ரோட்டாருக்கு எடைப் பிசகு வேகத்தைப் பொறுத்து மாறாது; விசைதான் மாறும். அதனால் சரியாக வரும். மிக அதிக வேகத்தில் வளைந்து ஓடும் ரோட்டார்கள் தனி ரகம், நம் பக்கத்து ஆலைகளில் அபூர்வம்.

முழுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. அளவுகோல் உண்டு. முன்பு அதன் எண் 1940, இப்போது 21940 வரிசை. ஃபேன், பம்ப் இம்பெல்லருக்கெல்லாம் (பிளேடுள்ள சுழல் சக்கரம்) வழக்கமாக ஜி 6.3 என்ற தரம். 80 கிலோ ரோட்டார் 1440 ஆர்.பி.எம்.மில் ஓடினால், அந்தத் தரத்தில் மொத்தம் சுமார் 3,340 கிராம்-மி.மீ. (எடையை ஆரத்தால் பெருக்கிய அளவு) மிஞ்சலாம். இரண்டு பேரிங்குக்கும் சரிநடுவே உட்கார்ந்த ரோட்டாரானால் ஒரு தளத்துக்கு அதில் பாதி, 400 மி.மீ. ஆரத்தில் நாலு கிராம் சொச்சம். ரிப்போர்ட்டில் இரண்டு தளத்துக்கும் தனித்தனியாக முந்தைய அளவு, பிந்தைய அளவு, தரம், வேகம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "ஓகே" என்று சீல் மட்டும் குத்தின தாளை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

கொண்டுவரும் முன் பிளேடில் ஒட்டிய சாம்பலைச் சுரண்டிவிடுங்கள். அழுக்கோடு பேலன்ஸ் செய்தால், அது உதிர்ந்த அன்றே உழைப்பும் உதிர்ந்துவிடும். ஷாஃப்ட் வளைவை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். வளைந்த ஷாஃப்ட்டை எடை வைத்து மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. புல்லி, அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ எல்லாம் கூடவே வரட்டும். புல்லியைத் தனியாகப் பேலன்ஸ் செய்வதென்றால் கீ உட்காரும் பள்ளமான கீவேயில் பாதிக் கீ வைக்க வேண்டும். முழுக் கீயோ வெறும் கீவேயோ இருந்தால் கணக்கு பிசகும்.

எல்லா உதறலுக்கும் பேலன்சிங் மருந்தில்லை. மோட்டார் ஷாஃப்ட்டும் ஃபேன் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் அலைன்மென்ட் தவறியிருந்தால் ஷாஃப்ட்டின் நீளவாக்கிலும் ஆட்டம் தெரியும். ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்திருந்தால் நாங்கள் எவ்வளவு மெனக்கெட்டாலும் பலனில்லை. கல் கிரஷர்களில் இது சகஜம். முதலில் ஸ்பேனரை எடுத்துப் பாருங்கள், அதற்கு எங்கள் கூலி தேவையில்லை.

ஆலையிலேயே எடையை வெல்டு வைப்பவர்களுக்கு ஒன்று. முதலில் மெயினை நிறுத்திப் பூட்டுங்கள். எர்த் கிளாம்பை பாடியில் மாட்டாமல், வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இம்பெல்லரில் மாட்டுங்கள். பாடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகத்தான் பாயும். பந்துகளும் ஓடுதடமும் பொறிப்பொறியாகத் தீய்ந்து, புதுப் பேரிங் சில நாளில் சத்தம் போட ஆரம்பித்துவிடும்.