உறைந்த ஏரியில் ஓர் அங்குல இரை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனை ஒட்டியுள்ள மெண்டோட்டா ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். அது உறையும் நாளையும் உருகும் நாளையும் 1850களிலிருந்தே குறித்து வருகிறார்கள். மேற்பரப்பு ஆள் நடக்கும் அளவுக்கு இறுகியதும், பனிக்கட்டியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்கி, புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் ஆகிய மீன்களைப் பிடிப்பார்கள். வாணலியில் முழுதாகப் போட்டுப் பொரிக்கும் அளவில் இருப்பதால் இவற்றைச் சேர்த்து 'பேன்ஃபிஷ்' என்பது அங்குள்ள வழக்கு. கோடையில் இரண்டு அங்குல மென்பிளாஸ்டிக் இரையைத் தயங்காமல் விழுங்கும் புளூகில், சனவரியில் அதே இரையின் அருகே வந்து, அசையாமல் நின்று உற்றுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிடும். ஓர் அங்குல இரையைத் தொங்கவிட்டால் பல சமயம் எடுத்துக்கொள்ளும். 'குளிருக்குச் சின்ன இரை' என்று தூண்டில்காரர்கள் சொல்லும் விதி இப்படிப் பிறந்ததுதான். அந்த விதி சரியானதே. ஆனால் சின்னது என்றதும் எல்லோரும் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். தடிமனை அளப்பவர்கள் குறைவு. குளிர்நீரில் வேலை செய்வது பெரும்பாலும் தடிமன்தான்.

நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், உறைந்த ஏரியில் பனிக்கட்டியை ஒட்டிய நீர் 0 டிகிரிக்கு அருகிலும், அடிமட்ட நீர் 4 டிகிரிக்கு அருகிலும் இருக்கும். மீனின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே பின்பற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ மெதுவாகும். கோடையில் 24 டிகிரியில் வாழ்ந்த மீன் 4 டிகிரிக்கு வரும்போது அதன் எரிபொருள் தேவை கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுவதோடு, உண்டதைச் செரித்து வயிற்றைக் காலிசெய்யவும் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. அது உண்பதை நிறுத்துவதில்லை. துரத்தி உண்பதைத்தான் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறது.

புளூகில் இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சிப் பிடிப்பதே அதிகம். வாய்க்குழியைச் சட்டென்று விரித்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முன்னாலுள்ள நீரை இரையோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. இந்த இழுப்பு வாயருகே மிக வலுவானது. வாயின் அகலம் அளவுக்குத் தள்ளிப்போனாலே பெரும்பகுதி வலுவிழந்துவிடும். குளிரில் தசைகள் மெதுவாகச் சுருங்குவதால் அந்த வலுவும் குறைகிறது. ஆகவே மீன் இரையின் முகத்தருகே வந்து நின்றுதான் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அப்படி உறிஞ்சும்போது மெல்லிய சிறு இரை நீரோடு நீராக உள்ளே போகிறது. நீண்டு கனத்த இரையோ பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக நிற்கிறது. முள் பதியாமல் வெளியே தங்கிவிடுகிறது. மிதவை ஒரு முறை நடுங்கி நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புளூகில்லின் இரைத் தேர்வைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும். மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வு செய்த ஏர்ல் வெர்னர், டொனால்ட் ஹால் ஆகிய இருவரும் வெவ்வேறு அளவுள்ள டாஃப்னியா என்னும் நுண்ணிய நீர்வாழ் ஓட்டுயிரிகளைப் புளூகில்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரை அருகியிருந்தபோது மீன்கள் எதிர்ப்பட்டதையெல்லாம் தின்றன. நிறைந்திருந்தபோது சிறியவற்றை விட்டுவிட்டுப் பெரியவற்றையே தேர்ந்தெடுத்தன. பெரிய இரை என்பது கூடுதல் ஆற்றல் என்பதால் இது இயல்பே. ஆனால் இரையின் தடிமன் வாயின் அளவை நெருங்கும்போது, அதைப் பிடித்துத் திருப்பி விழுங்க ஆகும் நேரம் செங்குத்தாக ஏறிவிடுகிறது. பெரிய இரையின் லாபம் அங்கே கரைந்துவிடுகிறது. புளூகில்லின் வாய் மிகச் சிறியது. அதற்கு ஓர் இரை பெரிதா சிறிதா என்பதை நீளத்தைக் காட்டிலும் குறுக்களவே தீர்மானிக்கிறது.

குளிர்காலத்தில் அதற்குக் கிடைக்கும் உணவும் மெல்லியதுதான். ஏரியடிச் சேற்றில் வாழும், கொசு போன்ற கைரோனமிட் ஈக்களின் புழுக்கள் அதில் முக்கியமானவை. அலங்கார மீன் கடைகளில் உறையவைத்து 'ரத்தப்புழு' என்று விற்பது இவற்றைத்தான். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ உதவும் ஹீமோகுளோபினே அவற்றைச் சிவக்க வைக்கிறது. ஒரு புழு தையல் நூலைப் போல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். உடலை 8 என்ற எண்ணின் வடிவில் மடக்கி மடக்கி நெளியும். ஓர் அங்குல மென்பிளாஸ்டிக் இரை அந்த அளவுக்கு நெருங்கி வருகிறது.

இனி பிளாஸ்டிக்கைப் பார்ப்போம். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். இன்றும் பெரும்பாலான மென்பிளாஸ்டிக் இரைகள் பி.வி.சி. பொடியை நெகிழ்வூட்டி எண்ணெயில் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றிச் செய்யப்படுபவையே. இந்தப் பொருள் குளிரக் குளிர விறைக்கும். கடையில் விரலால் தட்டியதும் துள்ளிய வால், 4 டிகிரி நீரில் குச்சியாக நிற்கலாம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு கண்ணாடிக் குவளையில் நீரும் பனிக்கட்டியும் இட்டு, தடித்த இரை ஒன்றையும் மெல்லிய இரை ஒன்றையும் பத்து நிமிடம் ஊறவிட்டு, நூலில் கட்டி மெல்ல அசைத்துப் பாருங்கள். தடித்தது முழு உடலாக ஆடும். மெல்லியதன் வால் நுனி மட்டும் தனியே நடுங்கும்.

இதன் பின்னுள்ள கணக்கு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. உருண்டையான தண்டு ஒன்றின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 4 மில்லிமீட்டர் வாலை 2 மில்லிமீட்டராக்கினால் விறைப்பு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. தட்டையான வாலுக்கும் தடிமனின் மூன்றாம் அடுக்கு பொருந்தும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. குளிரில் இறுகிப்போன பிளாஸ்டிக்கின் நெகிழ்வை மீட்டுத் தர இதைவிட எளிய வழி இல்லை. ஒரே நீளமுள்ள இரண்டு இரைகளில் ஒன்று அசைவதும் மற்றொன்று மரக்கட்டையாகத் தொங்குவதும் இதனால்தான். பனித்துளையில் இரை செங்குத்தாகத் தொங்குகிறது. நாம் அதற்குத் தருவது கோல் நுனியின் சிறு துடிப்பு மட்டுமே. அந்தத் துடிப்பை நெளிவாக மாற்றும் மெல்லிய வால் இருந்தால்தான், அருகில் நின்று உற்றுப் பார்க்கும் மீனுக்கு அது உயிருள்ளதாகத் தோன்றும்.

நீரும் தன் பங்குக்கு மாறுகிறது. 20 டிகிரியில் இருப்பதைவிட 4 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை ஏறக்குறைய 57 சதவீதம் அதிகம். இதனால் ஈயத்தலை, அதாவது இரையைக் கோக்கும் முள்ளின் தலையில் உள்ள ஈயக் குண்டு, மெதுவாக இறங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த அளவும் வேகமும் உள்ள பொருளைப் பாகுத்தன்மை பெரிதாகத் தடுப்பதில்லை. மயிரிழை போன்ற வாலின் நுண்ணசைவில்தான் அதன் தாக்கம் தெரியும்.

இரையைச் சிறிதாக்கினால் தலையின் எடையையும் குறைக்க வேண்டும். ஓர் அங்குல இரைக்கு 0.4 முதல் 0.9 கிராம் வரையுள்ள தலை போதும். பனித்துளையில் மீன்பிடிப்பவர்கள் இப்போது டங்ஸ்டனை நாடக் காரணம் அதன் அடர்த்தி: ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3 கிராம். அதே எடையை மிகச் சிறிய தலையில் அடக்கலாம் என்பதால் மீனின் வாயில் இடம் மிஞ்சுகிறது. ஈயத்தை விழுங்கி லூன் பறவைகள் நஞ்சேறிச் சாவதால் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் சிறு ஈயக் குண்டுகளைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. அந்தப் பறவைகளுக்காகவே இந்த மாற்றத்தை வரவேற்கிறேன்.

கிராப்பிக்கு இதே அளவுகோல் அப்படியே பொருந்தாது. அதன் வாய் புளூகில்லினுடையதைவிட மிகப் பெரியது. வாய்ச்சவ்வு காகிதம் போல் மெல்லியது என்பதால் 'காகித வாய்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரிகளைத் தின்னும் அதே மீன் சிறு மீன்களையும் விரும்பித் தின்பதால், குளிரிலும் ஒன்றரை, இரண்டு அங்குல இரையை எடுக்கும். ஏரி இன்னும் உறையாத இலையுதிர் காலத்தில், சற்றுப் பருத்த உடல் நீரைத் தடுத்துக் குடை போல இரையை மெதுவாக இறங்க வைக்கும்; சோம்பிய கிராப்பிக்கு அது வசதி. அப்போதும் வால் மெல்லியதாக இருக்க வேண்டும்.

கையில் இரண்டு அங்குல இரை மட்டுமே இருந்து, மீன் வாலை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறதென்றால், பெரும்பாலோர் வாலைக் கிள்ளி எறிவார்கள். மீன் தேடி வந்ததே அந்த மெல்லிய முனையைத்தான். கத்தரிக்கோலால் தலைப் பக்கத்தில் ஓர் அங்குலத்தை வெட்டி, மிஞ்சிய வால் பகுதியை முள்ளில் கோத்து, அதே துளையில் அதே ஆழத்துக்கு மீண்டும் இறக்க வேண்டும். வெட்டிய துண்டு பனியில் கிடந்தால் வசந்தத்தில் ஏரிக்குள்தான் போகும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.