ஸ்ட்ரீமிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

எங்கள் பக்கம் ஸ்ட்ரீமிங் என்றாலே ஓடிடியில் படம் பார்ப்பது என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் இணையமே இல்லாமல், ஒரே வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் போவதும் ஸ்ட்ரீமிங்தான். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஒரு பெரிய வீட்டில், மாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து ஒயர் இறங்கி, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஒரு பழைய கணினிக்குப் போகிறது. அதில் டிவி சிக்னலை வாங்கும் ட்யூனர் கார்டு போட்டு, டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டு இல்லாமல் வரும் சேனல்களைப் பதிவு செய்கிறார்கள். வீட்டின் முன்பக்கம், முகப்பில் இருக்கும் கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் நிரலைத் திறந்தால் நேற்றைய சீரியல் வந்துவிடும். அந்தச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை இரண்டு அறை தாண்டாது, அதனால் வளவின், அதாவது நடு முற்றத்தின், தூண் ஓரமாக நெட்வொர்க் கேபிள் இழுத்திருக்கிறார்கள். "ஆயாவுக்கு அந்த சீரியலை ஓடவிடுப்பா" என்பார்கள், ஆயா என்றால் பாட்டி. ஓடவிடு! சொல் பாதி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

சரி, அங்கே உண்மையில் நடப்பது என்ன? ஒளிபரப்பு என்றால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் பரப்புவது. பதிவிறக்கம் என்றால் முழுக் கோப்பும் வந்து நம் கணினியில் தங்குவது. ஸ்ட்ரீமிங் இரண்டும் இல்லை. கேட்டவருக்கு, கேட்ட நேரத்தில், துண்டு துண்டாக வரிசையாக வரும், வரவரக் காட்டிவிட்டு அந்தத் துண்டை விட்டுவிடும். நடுவில் தள்ளிப் பார்த்தால், பிளேயர் 'இந்த இடத்திலிருந்து கொடு' என்று வழங்கியிடம், அதாவது சர்வரிடம் (இங்கே அந்தப் பழைய கணினி), திரும்பக் கேட்கும். வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் வரும் சேனலை ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறக்குறைய 1.8 ஜிபி ஆகும், அதைப் பார்க்கிற ஒவ்வொரு கணினியிலும் நகல் எடுத்து வைப்பது வீண் வேலை.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரீம் பழைய சொல், 'பாய்தல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கணினித் துறையில், இணையத்தில் படம் வருவதற்கு முன்பே, நிற்காமல் சுற்றிக்கொண்டே எழுதும் காந்த நாடாக் கருவிகளை ஸ்ட்ரீமிங் டேப் என்றார்கள். 1995இல் ரியல்ஆடியோ வந்த பிறகு இணையத்தில் பாட்டுக் கேட்பதற்கும் இந்தச் சொல் பரவியது. விஎல்சியின் கதையும் இதில் சேரும். 1996இல் எகோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் டிஷ்ஷில் வரும் டிவியைத் தங்கள் வளாக நெட்வொர்க்கில் எல்லாக் கணினிக்கும் அனுப்பத் தொடங்கிய வீடியோலேன் திட்டம் அது, அனுப்பும் முனைக்கு ஒரு நிரல், வாங்கும் முனைக்கு ஒரு நிரல் என்று இருந்ததில் வாங்கும் நிரல்தான் இன்று நாம் பயன்படுத்தும் விஎல்சி. கானாடுகாத்தானில் அது செய்வது அதன் பிறவி வேலை.

இனி தமிழ்ச் சொல். 'ஓடை' என்று எழுதுகிறார்கள். நேர் பொருள்தான், ஆனால் ஓடை என்பது இடத்தின் பெயர். எங்கள் சீமையில் தண்ணீர் இல்லாத மாதத்திலும் ஓடை ஓடைதான். 'தாரை' இனிமையான சொல், ஆனால் அறுபடாமல் விழுவதைக் குறிக்கும் சொல் அது. டிவிப் பதிவோ 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது.

எனக்குப் பிடித்தது 'ஒழுக்கு'. புறநானூறு 173ஆம் பாட்டில், மழை வரப்போவதை அறிந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும் எறும்பு வரிசையை 'சில்லொழுக்கு' என்கிறார் புலவர். கையில் சோற்றோடு நடக்கும் பிள்ளைகள் அப்படித் தெரிகிறார்களாம். சின்ன உருவங்கள், ஒவ்வொன்றும் தன் சுமையோடு, ஒன்றன்பின் ஒன்றாக! பொட்டலம் பொட்டலமாக வரும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல்லை நான் பார்க்கவில்லை.

ஒழுக்கு என்றால் கூரை ஒழுகுவதுதானே என்பார்கள். நியாயமான கேள்விதான், பேச்சில் இன்று அந்தப் பொருள்தான் முந்துகிறது. ஆனால் மலையாளத்தில் இன்றும் ஆற்றின் ஓட்டத்துக்கு ஒழுக்கு என்பதுதான் சாதாரணச் சொல். நம்மிடமும் 'நீரொழுக்கு' இருக்கிறது. குழப்பம் வரக்கூடாதென்றால் 'காட்சியொழுக்கு', பாட்டுக்கு 'ஒலியொழுக்கு' என்று சேர்த்து எழுதலாம்.

வினையாக வரும்போது அந்த வீட்டில் சொல்கிறபடியே 'ஓடவிடு' போதும், படம் ஓடுகிறது என்று தமிழில் ஏற்கெனவே சொல்கிறோம். "வழங்கியில் இருக்கும் பதிவை முகப்புக் கணினியில் ஓடவிடு", "காட்சியொழுக்கு நடுவில் தடைப்படுகிறது, கேபிளைப் பார்" என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் புரியும். அப்புறம் ஒன்று: நடக்க நடக்கக் காட்டுவதற்கு 'நேரலை' இருக்கிறது, அதைப் பதிந்து வைத்த சீரியலுக்குப் போடாதீர்கள்.