எதிர்ப்பு சக்தி இருந்த எலி ஏன் செத்துச்சு? இம்யூனிட்டி, இம்யூன் ரெஸ்பான்ஸ்: சொல் விளக்கம்

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரைய சரிபாத்துக் குடுங்கன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் அனுப்பியிருந்தார். பீட்டர் டோஹர்ட்டி பத்தினது. ஆஸ்திரேலியாக்காரர், மாட்டு டாக்டருக்குப் படிச்சவர், 1996-ல மருத்துவ நோபல் வாங்கினவர், கால்நடை மருத்துவம் படிச்சு அந்தப் பரிசு வாங்கின முதல் ஆள். ரெண்டாவது பக்கத்துல இப்படி ஒரு வரி: "நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்த எலிகள் இறந்தன, நோய் எதிர்ப்பு சக்தி குறைக்கப்பட்ட எலிகள் பிழைத்தன." படிக்கிறவங்க இத அச்சுப்பிழைன்னுதான் நெனைப்பாங்க, எலிய மாத்திப் போட்டுட்டாங்க போலன்னு தாண்டிப் போயிடுவாங்க. ஆனா நடந்தது அதேதான். தகவல் சரி, சொல்தான் தப்பு. அந்த ஒரு சொல்லால அந்த மனுஷன் வாழ்க்கை பூரா பண்ணின வேலையே தலைகீழா தெரியுது.

மொதல்ல இம்யூனிட்டிங்கிற இங்கிலீஷ் சொல்லோட பொறப்ப சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல மூனுஸ்னா ஊருக்கு செஞ்சே ஆகவேண்டிய கடமை, வரி. அது இல்லாதவன் இம்மூனிஸ். ரோமாபுரில வரிவிலக்கு வாங்கினவனுக்கு அந்தப் பேரு. நம்ம கல்வெட்டுல இறையிலின்னு வருமே, வரி கட்ட வேண்டாத நிலம், இறை இலி, அச்சு அசலா அதே கட்டு. சட்டத்துல இப்பவும் பழைய பொருள்தான், தூதருக்கு இருக்கிறத விலக்குரிமைன்னு நம்ம ஆளுங்க சரியாத்தான் எழுதுறாங்க. விஷயம் என்னமோ ரொம்பப் பழசு, ஏதென்ஸ்ல கொள்ளைநோய் வந்தப்போ ஒருதடவ வந்து பொழச்சவங்களுக்கு மறுபடி வந்தாலும் உயிர் போகலன்னு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வெச்சிருக்கார். மருத்துவத்துல இந்த சொல் நிலைச்சது 19-ஆம் நூற்றாண்டு கடைசில. 1890-ல பெர்லின்ல பேரிங், கிடசாட்டோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க டிப்தீரியா, டெட்டனஸ் பத்தி எழுதின கட்டுரையோட தலைப்புலயே இருக்கு. ஆக இந்த சொல்லுக்குள்ள இருக்கிறது விலக்கு, நோய் தொடாத ஒரு நிலை. சக்தி எங்கயும் இல்ல.

அப்புறம் எங்கேருந்து சக்தி வந்துச்சு? யார் தொடங்கினாங்கன்னு தேடுறது என் வேலை இல்ல, ஆனா இப்ப அது எல்லா இடத்துலயும் உக்காந்துடுச்சு. இம்யூனிட்டிக்கும் எதிர்ப்பு சக்தி, இம்யூன் சிஸ்டத்துக்கும் எதிர்ப்பு சக்தி, இம்யூன் ரெஸ்பான்ஸுக்கும் எதிர்ப்பு சக்தி. மூணும் மூணு வேற விஷயம். ஒண்ணு நிலை, ஒண்ணு உறுப்பும் செல்லும் சேர்ந்த ஏற்பாடு, ஒண்ணு ஒரு கிருமி உள்ள வந்தப்பறம் உடம்புல நடக்கிற நிகழ்ச்சி. நிகழ்ச்சின்னா அதுக்குத் தொடக்கம் உண்டு, உச்சம் உண்டு, அடங்குறதும் உண்டு, சில நேரம் அடங்காமப் போறதும் உண்டு. சக்தின்னு சொன்னா இதெல்லாம் போயிடுது. மின்சக்தி அணுசக்தி மாதிரி அது ஒரு அளவு ஆயிடுது, கம்மியா இருக்கு, கூட இருக்கு, ஏத்திக்கலாம், கொறஞ்சா கெட்டது, கூடினா நல்லது. டப்பால அடைச்சு விக்கிறவனுக்கு இதவிட வசதியான சொல் வேற கெடைக்காது. கொரோனா நேரத்துல என்னென்ன வித்தாங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

அதே கொரோனால, 2020 ஜூன்ல, பிரிட்டன்ல நடந்த பெரிய சோதனைல டெக்ஸாமெத்தசோன்ங்கிற பழைய மலிவு மருந்து வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கு குறைச்சுதுன்னு வந்துச்சு. அது உடம்போட எதிர்வினைய அடக்குற மருந்து. அப்ப எங்க தெருவுல ஒருத்தர் நெஜமாவே கேட்டார், எதிர்ப்பு சக்திய ஏத்தச் சொல்லிட்டு இப்ப குறைக்கிற மருந்து குடுத்தா எப்படி பொழைப்பான்னு. அவர் கேள்வில தப்பே இல்ல, அவருக்கு நாம குடுத்த சொல் அப்படி.

இன்னும் கேளுங்க. ஆன்டிபயாடிக்குக்கு பணியாத பாக்டீரியாவையும் "எதிர்ப்பு சக்தி பெற்ற கிருமி"ன்னு அதே சொல்லால எழுதுறாங்க. காக்கிறதும் எதிர்ப்பு சக்தி, கொல்றதும் எதிர்ப்பு சக்தியா? 2015-ல உலக சுகாதார நிறுவனம் 12 நாட்டுல கேட்டுப் பார்த்தப்போ நாலுல மூணு பேர், மருந்து கேக்காமப் போறது நம்ம உடம்பு பழகிப்போறதாலன்னு சொல்லியிருக்காங்க. பணியாதது கிருமிதான், உடம்பு இல்ல. இது தமிழுக்கு மட்டும் உள்ள குழப்பம் இல்ல, ஒத்துக்கிறேன், ஆனா ரெண்டுக்கும் ஒரே சொல்ல போட்டு நாம அத இன்னும் இறுக்கி வெச்சிருக்கோம்.

எங்க பெரியப்பாவுக்கு சிறுநீரக மாற்று பண்ணியிருக்கு. ஆஸ்பத்திரில குடுத்த தாள்ல ஒரு மாத்திரைக்கு நேரா "நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை"ன்னு போட்டிருந்துச்சு. அவர் அத படிச்சுட்டு, இருக்கிற சக்தியும் போயிடும்னு ராத்திரி மாத்திரைய மட்டும் யாருக்கும் தெரியாம தலகாணி உறைக்குள்ள போட்டு வெச்சிருக்கார். பெரியம்மா உறைய துவைக்கக் கழட்டினப்போ 12 மாத்திரை கொட்டுச்சு. கிரியாட்டினின், அதான் சிறுநீரகம் சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல சேர்ற கழிவு, ஏறிப்போய் மறுபடி அட்மிட் பண்ணி எப்படியோ காப்பாத்திட்டாங்க. "புது சிறுநீரகத்த உடம்பு வேத்தாளுன்னு தாக்காம இருக்க வைக்கும் மாத்திரை"ன்னு எழுதியிருந்தா அவர் விட்டிருக்கவே மாட்டார். அதனாலதான் இந்த சொல்ல பார்த்தா எனக்கு அடிவயிறு எரியுது.

சரி, எலிக்கு வருவோம். டோஹர்ட்டி பிரிஸ்பேன்ல 1940-ல பொறந்து, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல படிச்சு, எடின்பரோல ஆட்டு மூளைய தாக்குற வைரஸ்ல முனைவர் பட்டம் வாங்கிட்டு, 1972-ல கான்பெராவுக்கு வர்றார். அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்துலேருந்து ரோல்ஃப் ஜிங்கர்நாகல் வர்றார், ஆய்வகத்துல எடம் பத்தாததால ரெண்டு பேரையும் ஒரே அறைல போடறாங்க. அவங்க எடுத்துக்கிட்டது எல்சிஎம்னு ஒரு எலி வைரஸ். இத மூளைல ஊசி போட்டா எலி ஒரு வாரம் போல தாங்கும், அப்புறம் செத்துடும். ஆனா அந்த வைரஸ் மூளை செல்ல பெருசா ஒண்ணும் பண்றதில்ல. தொத்தின செல்ல டி செல்லுங்க, அதாவது கிருமி தொத்தின செல்ல தேடிக் கொல்ற ஒரு வகை வெள்ளணுங்க, வந்து தாக்குதே, அந்த தாக்குதல்லதான் எலி சாகுது. டி செல்ல முடக்கி வெச்ச எலி வைரஸ சுமந்துக்கிட்டே நல்லா ஓடும். பொறந்த உடனே தொத்தின குட்டி ஆயுசு பூரா சுமந்துக்கிட்டு இருக்கும்.

இத அவங்க எலிக்கு வெளிய, ஆய்வகத் தட்டுல பார்த்தாங்க. வைரஸ் தொத்தின செல்லுக்குள்ள கதிரியக்க குரோமியத்த ஏத்தி, மேல எலியோட டி செல்ல விடறது. செல் செத்தா ஓட்டை விழுந்து குரோமியம் வெளில தண்ணில வந்துடும், அத அளந்தா எத்தனை செத்துச்சுன்னு தெரிஞ்சுடும். சில எலியோட டி செல் கொன்னுச்சு, வேற ரகத்து எலியோட டி செல், அதே வைரஸ பார்த்து பழகினதுதான், அந்த செல்ல தொடவே இல்ல. டி செல் வைரஸ மட்டும் பார்க்கல, கூடவே எம்எச்சின்னு செல் மேல இருக்கிற தன் ரகத்து அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்குதுங்கிறதுதான் கண்டுபிடிப்பு. 1974-ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு, பரிசு வர 22 வருஷம் ஆச்சு. டோஹர்ட்டி பின்னாடி மெம்பிஸ்லயும் மெல்பர்ன்லயும் ஃப்ளூ வைரஸுக்கு டி செல் எப்படி பதில் குடுக்குதுன்னு பார்த்தார். இவ்வளவும் ரெஸ்பான்ஸ் பத்தின ஆராய்ச்சி. எப்ப தாக்குது, யார தாக்குது, எப்ப நிறுத்துதுன்னு. இத "எதிர்ப்பு சக்தியை ஆராய்ந்தவர்"னு ஒரே வரில முடிச்சா எப்படி?

அப்ப சரியான சொல் எது? இலங்கைல நிர்ப்பீடனம்னு எழுதுறாங்க. பீடனம்னா வருத்துறது, நிர் அது இல்லாதது. வடசொல்தான், ஆனா லத்தீன் கட்டுக்கு ஒட்டி வருது, சக்தியும் வடசொல்தானே, அத வெச்சுக்கிட்டு இத தள்றதுல நியாயம் இல்ல. தனித்தமிழ்ப் பக்கம் ஏமம்னு சிலர் எழுதுறாங்க, குறள்ல ஏமப் புணைன்னு வர்ற அதே ஏமம், பாதுகாப்பு. அழகான சொல், ஆனா எங்க பெரியப்பா கிட்ட ஏமம்னு சொன்னா ஏமாத்துறதுன்னு எடுத்துக்குவார். தமிழ்நாட்டு பாடப்புத்தகம் நோய்த்தடைக்காப்புன்னு சொல்லுது, நீளம்தான், இருந்தாலும் காப்பு உள்ள இருக்கு. காப்பு கட்டுறது எல்லாருக்கும் தெரியும். அதனால இம்யூனிட்டிக்கு நான் நோய்க்காப்பு, சிஸ்டத்துக்கு காப்பு மண்டலம்.

ரெஸ்பான்ஸுக்கு பாடப்புத்தகத்துல துலங்கல். பரீட்சை எழுதுறவனுக்கு சரி, மத்தவங்களுக்கு பாத்திரம் துலக்குறதுதான் ஞாபகம் வரும். எதிர்வினைதான் என் தேர்வு. நல்லது கெட்டதுன்னு முன்கூட்டியே தீர்ப்பு சொல்லாது, பலமா இருக்கலாம், மந்தமா இருக்கலாம், எல்லை மீறலாம். தன் உடம்பையே தாக்குறப்போ தன்னுடல் தாக்கு நோய்னு ஒரு சொல் இருக்கே, அது எவ்வளவு நல்ல சொல், சக்தியே இல்லாம விஷயத்த சொல்லிடுச்சு.

அந்த வரிய இப்படி மாத்திக் குடுத்தேன்: "வைரஸ் எலியைக் கொல்லவில்லை, வைரஸுக்கு எலியின் உடல் காட்டிய எதிர்வினைதான் கொன்றது." கட்டுரை முழுக்க 31 எடத்துல சக்தி இருந்துச்சு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பார்த்து பிரிச்சேன், 19 எதிர்வினை, 8 காப்பு மண்டலம், 4 மட்டும்தான் நெஜமான நோய்க்காப்பு.

ஒரே ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன். அவங்களுக்கு நோபல் வாங்கிக் குடுத்த கண்டுபிடிப்போட பேர்லயே ரெஸ்ட்ரிக்‌ஷன் இருக்கு, எம்எச்சி ரெஸ்ட்ரிக்‌ஷன். மொழிபெயர்த்தவர் கட்டுப்பாடுன்னு போட்டிருந்தார், அப்படின்னா எம்எச்சி யாரையோ கட்டுப்படுத்துற மாதிரி ஆயிடும். தன் ரகத்து எம்எச்சி கூட இருந்தாதான் டி செல் தாக்கும், இல்லன்னா தாக்காதுங்கிறதுதான் பொருள். ரெண்டு நாள் யோசிச்சேன், வரம்புன்னு எழுதிப் பார்த்தேன், அதுவும் சரியா வரல. இப்போதைக்கு எம்எச்சி நிபந்தனைன்னு போட்டு அனுப்பியிருக்கேன்.