நுண்குழலுக்கு ‘இயக்கவியல்’ பொருந்தாது

‘நுண்குழல்களின் இயக்கவியல் செல்களின் திசைசார் இடப்பெயர்வுக்குப் பங்களிக்கிறது.’ இந்த மாதிரி வாக்கியத்தைத் தமிழ் அறிவியல் கட்டுரைகளில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இலக்கணப்படி குறை சொல்ல முடியாது, ஆனால் படிக்கிற மாணவருக்கு ஒன்றும் விளங்காது. அதற்கு முதல் காரணம் ‘இயக்கவியல்’.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுண்குழல் என்பது செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரதக் குழல், ஆங்கிலத்தில் மைக்ரோடியூபியூல்: கிரேக்க ‘மைக்ரோஸ்’ சிறியது, லத்தீன் ‘டியூபுலஸ்’ சிறு குழல். நுண்குழல் என்பது நல்ல தமிழ், அதில் சண்டை இல்லை. ‘இயக்கவியல்’ என்று மொழிபெயர்க்கப்படும் டைனமிக்ஸ், ஆற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1690களில் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் விசை பற்றிய துறைக்கு அந்தப் பெயரை வைத்தார். பிற்பாடு ஆங்கிலத்தில் அது துறையையும் குறித்தது, ஒரு பொருள் காலப்போக்கில் மாறுகிற விதத்தையும் குறித்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் பொருளுக்கான சொல்லை எடுத்து இரண்டாவதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

‘இயல் என்றால் தன்மை என்றும் பொருள் உண்டே’ என்பார்கள். உண்டுதான். ஆனால் பள்ளியில் வெப்ப இயக்கவியல் படித்துவிட்டு வருகிறவர் இந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒரு பாடப்பிரிவைத்தான் நினைப்பார். சரி, ‘இயல்’ போகட்டும், ‘இயங்குதன்மை’ என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் உதவாது. இயங்குதல் என்றதும் நுண்குழல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதாகத் தோன்றும். இங்கே நகர்வது செல். நுண்குழல் செய்வது வேறு.

சுமார் 25 நானோமீட்டர் தடிமனுள்ள இந்தக் குழல் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நேர்முனையில், அதாவது வேகமாக வளரும் முனையில், டியூபுலின் சேரச் சேர நீளும், திடீரென்று உதிர்ந்து குறுகும், மறுபடி நீளும். 1984இல் உயிரியலாளர்கள் மிட்சிசனும் கிர்ஷ்னரும் விளக்கியது இதைத்தான். இணைப்புத்திசுச் செல் நகரும்போது முன்பக்கம் நோக்கி நீளும் குழல்கள் ராக் என்ற புரதத்தைத் தூண்ட, அந்த விளிம்பு முன்னே விரிகிறது. குழல் உதிரும்போது அதில் ஒட்டியிருந்த ஒரு புரதம் விடுபட்டு ரோ என்ற இன்னொரு புரதத்தைத் தூண்ட, செல் சுருங்கி இழுக்கிறது. தரையைப் பற்றியிருக்கும் ஒட்டுப்புள்ளிகளையும் குழல்முனைகள் போய்த் தொட்டுத் தளர்த்துகின்றன. 1970இல் மாஸ்கோவில் வசீலியெவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கோல்செமிட் என்ற மருந்தைக் கொடுத்து நுண்குழல்களைக் கலைத்தபோது செல்லின் விளிம்பு எல்லாப் பக்கமும் அசைந்தது, திசை மட்டும் போய்விட்டது. எல்லாச் செல்லுக்கும் இப்படி இல்லை, மீன் செதிலின் கெரட்டோசைட்டு என்ற செல்கள் நுண்குழல் இல்லாமலே நகரும்.

1995இல் வந்த இன்னொரு சோதனைதான் என் வாதத்துக்கு முக்கியம். நுண்குழலைக் கலைக்கும் இன்னொரு மருந்தான நோகோடசோலை மிகக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். நுண்குழல்களின் அளவு பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் செல்லின் நகர்வு தடைபட்டது. குழல் இருந்தால் மட்டும் போதாது, அது நீண்டு குறுகிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நீளலும் குறுகலும் சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

அதனால் நான் ‘வளர்தேய்வு’ என்று எழுதுகிறேன். வளர்பிறையும் தேய்பிறையும் தெரிந்த எவருக்கும் இதற்கு அகராதி வேண்டாம். ‘நுண்குழல்களின் வளர்தேய்வு, செல் ஒரே திசையில் நகர உதவுகிறது’ என்று எழுதினால் அந்தப் ‘பங்களிப்பு’ம் தானாகக் கழன்றுவிடும். வெப்ப இயக்கவியலில் இருக்கிற இயக்கவியலை யாரும் தொட வேண்டாம், அது துறைதான்.

இதே கட்டுரைகளில் குழல் உதிரத் தொடங்குவதைப் ‘பேரழிவு’ என்றும் மறுபடி நீள்வதை ‘மீட்பு’ என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர்கள் உண்டுதான், ஆனால் செல்லுக்குள் ஓயாமல் நடக்கும் சாதாரண வேலையைப் பேரழிவு என்று படிக்கிற பிள்ளை அதை நோய் என்றுதான் நினைக்கும். சரிவு, மறுவளர்ச்சி என்றே எழுதலாமே.